மிரளும் குதிரையை டிரெய்லரில் அமைதியாக ஏற்றப் பழக்குவது: முழுமையான வழிகாட்டி

குதிரையை ஏற்றிச் செல்ல, வாகனத்தின் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டிதான் டிரெய்லர். அதைக் கண்டதும் காலை ஊன்றி நின்றுவிடும் குதிரையை வைத்திருப்பவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: இதை உள்ளே போக வைப்பது எப்படி? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்வேன். உள்ளே வைத்த காலைத் திரும்ப வெளியே எடுக்க இந்தக் குதிரைக்குத் தெரியுமா? எடுக்க நாம் விடுவோம் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறதா? ஏற மறுக்கும் பல குதிரைகளுக்கு இந்த இரண்டுமே கிடையாது. அதனால் இங்கே ஏறுவதற்கு முன்பே இறங்குவதைப் பழக்கப் போகிறோம். உள்ளே வைக்கும் ஒவ்வொரு அடிக்கும், நாமே கேட்டு வெளியே எடுக்க வைக்கும் அடி ஒன்று இருக்கும். பார்க்க மெதுவான வழிதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து இழுத்து, தள்ளி, ஒருவழியாகக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த முறை அதைவிட மோசமான சண்டைக்குத் தயாராவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ குறுகிய வழி.

குதிரை ஏன் மறுக்கிறது

ஆபத்து என்றால் ஓடித் தப்பிப்பதுதான் குதிரையின் முதல் காப்பு. டிரெய்லர் அந்த ஓட்டத்தை எல்லாப் பக்கமும் அடைத்துவிடுகிறது. தலைக்கு மேல் கூரை, இருபுறமும் சுவர், முன்னால் வழியில்லை, குளம்பு பட்டால் தடதடக்கும் தரை. அந்தத் தரையும் அசைகிறது. 400, 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு, தன்னைத் தாங்குமா என்று தெரியாத இடத்தில் கால் வைக்கத் தயங்குவது முழுக்க நியாயமான செயல். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிட்டால் நம் கை தானாகச் சாட்டையைத் தேடும். ஆகவே பயிற்சி முடியும்வரை அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள்.

கண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும், மூக்குக்குக் கீழேயும், வாலுக்கு நேர் பின்னாலும் அதற்கு எதுவும் தெரியாது. ஏறுவதற்காக வண்டியின் பின்பக்கம் இறக்கிவைக்கும் சரிவுப் பலகையில் கால் வைக்கும் நேரத்தில் அது தலையைத் தாழ்த்தினால்தான் எங்கே மிதிக்கப் போகிறோம் என்று பார்க்க முடியும். நாமோ பதற்றத்தில் கயிற்றை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடிக்கிறோம். பார்க்கவே விடாமல் மிதிக்கச் சொல்கிறோம். இன்னொன்று, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக குதிரையின் கண் நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். நல்ல வெயிலில் நிற்கும் குதிரைக்கு டிரெய்லரின் உட்புறம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம் நினைவு. ஒருமுறை உள்ளே தலை இடித்திருந்தால், பலகை வழுக்கியிருந்தால், வளைவில் நிலைதடுமாறி விழுந்திருந்தால், குதிரை அதை மறக்காது. ஏற மறுப்பதற்கான காரணம் பல நேரங்களில் ஏற்றும் இடத்தில் இருப்பதில்லை. போன பயணத்தில் ஓட்டியவரின் பிரேக்கில் இருக்கிறது.

முதலில் மருத்துவர், அடுத்து வண்டி

இதுவரை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த குதிரை திடீரென்று மறுக்க ஆரம்பித்தால், பயிற்சியைத் தொடங்காதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதுகுவலி, பின்னங்கால் மூட்டுவலி, குளம்பில் புண், பார்வைக் குறைவு என எது இருந்தாலும் சரிவில் ஏறுவதும் பின்னால் இறங்குவதும் வேதனையான வேலை. பின்னால் நடக்கச் சொன்னால் பின்னங்காலை விறைத்துத் தூக்கி நடுங்கும் குதிரைகளும் உண்டு. அது நரம்பு, தசை சம்பந்தப்பட்ட கோளாறின் அடையாளமாக இருக்கலாம். வலியைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

வண்டியைப் பரிசோதிக்கும்போது தரையிலிருந்து ஆரம்பியுங்கள். ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டுக் கீழே இருக்கும் பலகையைப் பாருங்கள். சிறுநீர் இறங்கி மரம் உளுத்துப்போவது சாதாரணமாக நடப்பது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. கத்தி முனையால் குத்திப் பார்த்தால் மென்மையாக உள்ளே இறங்கும் இடம் கெட்ட இடம். சரிவுப் பலகையின் கீல்கள், ஸ்பிரிங், தாழ்ப்பாள்கள், கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகரம், குளவிக் கூடு எல்லாவற்றையும் பாருங்கள். கூரை உயரமும் முக்கியம். குதிரை இயல்பாகத் தலையை நிமிர்த்தி நின்றால் இடிக்கும் வண்டியில் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

பயிற்சிக்கு வண்டியை நிறுத்தும்போது அது இழுவை வாகனத்தோடு மாட்டப்பட்டிருக்க வேண்டும். தனியாக நிற்கும் டிரெய்லரில் குதிரை ஏறினால் எடை பின்னால் போய் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு அதிர்ச்சி மாதக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடும். கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தரை சமமாக, வழுக்காமல் இருக்கட்டும். சரிவுப் பலகை ஆடினால் அடியில் எதையாவது வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். உள்ளே இடத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கியோ கழற்றியோ உள்ளே அகலத்தைக் கூட்டுங்கள். முன்பக்கச் சிறுகதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், உள்விளக்கு எரியட்டும். முடிந்தால் சூரிய ஒளி நேராக உள்ளே விழும் திசையில் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். இவ்வளவும் செய்தாலே பாதி மிரட்சி போய்விடும் குதிரைகள் இருக்கின்றன.

உங்களுக்கு வேண்டியவை: தலைக்கவசம், கையுறை, கெட்டியான பூட்ஸ், நன்றாகப் பொருந்தும் ஹால்டர் (வாய்க்கம்பி இல்லாத தலைவார்), மூன்றரை முதல் நான்கு மீட்டர் நீளமுள்ள கயிறு. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கடிவாளம் போட்டு ஏற்றக் கூடாது. குதிரை பின்னால் இழுத்தால் வாய் கிழியும். பயணத்துக்குக் கால் உறை போடுவதாக இருந்தால் லாயத்திலேயே சில நாள் போட்டு நடக்கவிட்டுப் பழக்குங்கள். ஒரே நாளில் இரண்டு புதிய விஷயங்களைக் கொடுக்காதீர்கள்.

முதல் படி: டிரெய்லர் இல்லாமல் தொடங்குவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். திறந்த வெளியில் ஒரு அடி முன்னால் வா, நில், ஒரு அடி பின்னால் போ என்ற மூன்றையும் தெளிவாகச் செய்யாத குதிரை, டிரெய்லரின் வாசலில் அவற்றைச் செய்யாது.

கற்றுக்கொடுக்கும் முறை எளிது. கயிற்றை முன்னோக்கி லேசாக இறுக்குங்கள். இழுக்க வேண்டாம், சீரான சிறு அழுத்தம் போதும். குதிரை எடையை முன்னால் சாய்த்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். குதிரைக்குப் பாடம் சொல்வது அழுத்தம் கிடையாது, அது விடுபடும் தருணம். இரண்டு நொடி தாமதமாகத் தளர்த்தினால், அந்த இரண்டு நொடியில் அது என்ன செய்ததோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். தலையைத் தூக்கியபோது தளர்த்தினால் தலையைத் தூக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பின்னால் போவதற்கும் இதே முறைதான். கயிற்றில் குதிரையின் மார்பை நோக்கி மெல்லிய அழுத்தம், கூடவே "பின்னால்" என்றோ வேறு எதுவோ ஒரே ஒரு சொல். ஒரு கால் பின்னால் நகர்ந்ததும் தளர்த்தி, கழுத்தைத் தடவுங்கள். ஒவ்வொரு அடியாகக் கேட்டு வாங்குவதுதான் இங்கே முழு நோக்கமும். கேட்டால் ஒரு அடி, நிறுத்தச் சொன்னால் நிற்பது, மறுபடி ஒரு அடி. மடமடவென்று பின்னால் ஓடும் குதிரை இறங்கக் கற்றுக்கொண்ட குதிரையாகாது, அது தப்பிக்கும் குதிரை. நேராகப் பின்னால் போகிறதா என்றும் பாருங்கள். பின்புறம் ஒரு பக்கமாக விலகினால் சரிவுப் பலகையின் ஓரத்திலிருந்து கால் நழுவும்.

இதோடு, பின்புறத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு அடி நகர்த்தவும், நீங்கள் தோள் பக்கம் நின்று கையை நீட்டினால் உங்களைக் கடந்து முன்னால் போகவும் பழக்குங்கள். கடைசியாகச் சொன்னது பிற்பாடு பெரிய உதவி. குறுகிய டிரெய்லருக்குள் குதிரைக்கு முன்னால் நீங்கள் நடந்து போனால், அது பாய்ந்தால் உங்களுக்கு ஒதுங்க இடமே இருக்காது. அனுப்பிவைத்தால் போகும் குதிரைதான் பாதுகாப்பானது.

தீனி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரட் துண்டோ ஒரு பிடி தீவனமோ நல்ல கருவிதான். ஆனால் முன்னால் ஆட்டிக் காட்டி இழுக்கப் பயன்படுத்தாதீர்கள். மிரண்ட குதிரை கழுத்தை மட்டும் முழு நீளத்துக்கு நீட்டித் தின்றுவிட்டு, பின்னங்காலை வெளியே ஊன்றியே வைத்திருக்கும். கேட்டதைச் செய்த பிறகு, செய்த இடத்திலேயே கொடுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது வேண்டாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறு அதற்கு எரிச்சலும் வலியும்தான்.

இரண்டாவது படி: டிரெய்லரைத் துண்டு துண்டாகக் காட்டுவது

டிரெய்லரின் பயங்கள் ஐந்தாறு சேர்ந்து ஒன்றாக நிற்கின்றன. அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சந்திக்க வைக்கலாம். தரையில் கெட்டியான ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நடத்துங்கள். முன்னங்கால் மட்டும் வைத்து நிற்கச் சொல்லி, பின்வாங்கச் சொல்லுங்கள். பிறகு நாலு காலும். குளம்புச் சத்தம் பழகட்டும். இரண்டு வைக்கோல் கட்டு வரிசைகளுக்கு நடுவே நடத்தி, இடைவெளியை நாளடைவில் குறுக்குங்கள். அந்தச் சந்துக்குள் நிற்பதும் பின்னால் வருவதும் நேராக நடந்து வெளியேறுவதைவிட முக்கியம். தலைக்கு மேல் ஏதாவது இருப்பதற்கு, உயரமான வாசல் அல்லது கொட்டகையின் முகப்பு போதும்.

உங்களுடையது சரிவுப் பலகை இல்லாமல் நேராகப் படியேறும் வகை டிரெய்லர் என்றால் தனியாக ஒரு பழக்கம் வேண்டும். அதில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். பின்னங்கால் வெற்றிடத்தில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத தரையைத் தேட வேண்டும். தாழ்ந்த மண்திட்டு ஒன்றில் ஏற்றி, "படி" என்று ஒரு சொல்லைச் சொல்லியபடி பின்னால் ஒவ்வொரு காலாக இறக்கிப் பழக்குங்கள். அந்தச் சொல் பின்னால் பள்ளம் வருகிறது என்று குதிரைக்கு முன்கூட்டியே சொல்லும்.

மூன்றாவது படி: அருகே போவது, விலகுவது

இப்போது டிரெய்லர் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். குதிரையைக் கூர்ந்து பாருங்கள். எந்தத் தூரத்தில் தலை உயர்கிறது, காது விடைக்கிறது, நாசி விரிகிறது, நடை குறுகுகிறது? அதுதான் எல்லைக்கோடு. அந்தக் கோட்டில் நில்லுங்கள். அதற்கு ஒரு அடி முன்பே நின்றால் இன்னும் நல்லது. தலை தாழும்வரை, மூச்சு சீராகும்வரை, கண் சிமிட்டும்வரை காத்திருங்கள். பிறகு நீங்களாகவே குதிரையைத் திருப்பி விலகிப் போங்கள்.

விலகுவது தோற்றுப்போவது என்று சிலருக்குத் தோன்றும். குதிரை இழுத்துக்கொண்டு ஓடிய பிறகு விலகினால்தான் அப்படி. அது அமைதியாக இருக்கும்போது நீங்கள் கூட்டிக்கொண்டு போனால், அமைதியாக நின்றால் இந்த இடத்திலிருந்து போகலாம் என்று அது புரிந்துகொள்கிறது. அடுத்த முறை கோடு இன்னும் உள்ளே நகரும். குதிரை டிரெய்லரை முகர, பக்கவாட்டைத் தொட, பலகையை முன்னங்காலால் தட்ட விரும்பினால் தடுக்காதீர்கள். ஆராய்கிற குதிரை கற்றுக்கொண்டிருக்கிறது.

குதிரை உதட்டை நக்கி வாயை மெல்லுவதைப் பார்த்ததும் "புரிந்துவிட்டது" என்று சொல்பவர்கள் அதிகம். இறுக்கம் தளரும் நேரத்தில் அது வருவது உண்மைதான், ஆனால் இறுக்கம் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. அதை மட்டும் பார்த்து அடுத்த படிக்குத் தாவாதீர்கள். உடம்பு முழுவதையும் பாருங்கள்.

ஒரு அமர்வு 15, 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும். நல்லபடியாக ஒரு அடி வைத்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னொரு தடவை பார்ப்போமே" என்ற ஆசைதான் பல நல்ல நாள்களைக் கெடுக்கிறது.

நான்காவது படி: பலகையில் முதல் கால்

பலகையின் நடுக்கோட்டுக்கு நேராகக் குதிரையைக் கொண்டுவாருங்கள். கோணலாக வந்தால் கோணலாகத்தான் ஏறும். ஒரு முன்னங்காலை வைக்கக் கேளுங்கள். வைத்ததும் கயிறு தளரட்டும், பாராட்டு வரட்டும். அப்புறம் இதுதான் முக்கியம்: அது தானாக எடுப்பதற்கு முன்பு, நீங்களே பின்னால் போகச் சொல்லுங்கள். வைத்தது, நின்றது, எடுத்தது. மறுபடியும் வைத்தது, நின்றது, எடுத்தது. அலுப்புத் தட்டும் அளவுக்கு இதைச் செய்யுங்கள். குதிரைக்கு அலுப்புத் தட்டினால் அது வெற்றி.

அடுத்து இரண்டு முன்னங்கால், பிறகு பலகையில் மூன்று கால், பிறகு நான்கு, பிறகு முன்னங்கால் டிரெய்லர் தரையில். ஒவ்வொரு நிலையிலும் நிற்றல், பிறகு கேட்டுப் பின்வாங்கல். முன்னங்கால் உள்ளேயும் பின்னங்கால் பலகையிலும் இருக்கும் நிலையில்தான் பெரும்பாலும் தடங்கல் வரும். காரணம், இங்கேதான் கூரை தலைக்கு மேல் வருகிறது, ஒளி மாறுகிறது, காலடிச் சத்தம் மாறுகிறது. அந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பல நாள் இங்கேயே கழிந்தாலும் பரவாயில்லை. உள்ளே பாதி நின்று வைக்கோல் மென்றுவிட்டுப் பின்னால் வரும் குதிரை, மீதிப் பாதியைப் பெரும்பாலும் தானாகவே கொடுத்துவிடும்.

குதிரை தயங்கினால் முதலில் காத்திருங்கள். டிரெய்லரை நோக்கியே இருக்கும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம். யோசிக்க நேரம் கொடுங்கள். வேறு பக்கம் திரும்ப முயன்றால் மட்டும் கயிற்றால் மூக்கை மறுபடி வாசலுக்குக் கொண்டுவாருங்கள். சிறு அழுத்தத்துக்குப் பதில் வராவிட்டால் அழுத்தத்தைக் கூட்டுவதைவிட, கேள்வியைச் சிறிதாக்குவது நல்லது. ஒரு அடி கேட்டது அதிகம் என்றால் எடை சாய்வதைக் கேளுங்கள்.

இலக்கைத் தொடும் முறை

கயிற்று அழுத்தத்துக்கே பதறும் குதிரைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு கம்பின் நுனியில் பந்து போல எதையாவது கட்டி, குதிரை அதை மூக்கால் தொட்டதும் ஒரு குறிப்பிட்ட ஒலி எழுப்பி, தீனி கொடுப்பது. ஒலி வந்தால் தீனி நிச்சயம் என்று பழகிய பிறகு, இலக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பலகை மேலும் கடைசியில் டிரெய்லருக்குள்ளும் வைக்கலாம். 2001-இல் பெர்குசன், ரோசாலஸ்-ரூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஏறுவதில் சிக்கல் செய்துவந்த குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்த 5 பெண் குதிரைகள் இந்த முறையில் ஏறக் கற்றுக்கொண்டன. வேறு ஆள் வந்தாலும், வேறு டிரெய்லர் வந்தாலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. இதில் எனக்குப் பிடித்தது, குதிரைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை முழுதாக இருக்கிறது என்பது. ஆனால் தீனிக்காகக் கையைக் கடிக்கும் குதிரையிடம் முதலில் முகத்தைத் திருப்பிக் காத்திருக்கும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது படி: உள்ளே நிற்பது, கம்பி போடுவது, கதவு சாத்துவது

நாலு காலும் உள்ளே போய்விட்டது என்றதும் சட்டென்று கதவைச் சாத்துவதுதான் எல்லாவற்றையும் பாழாக்கும் தவறு. குதிரை நம்பி உள்ளே வந்தது. அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பதில் பொறி என்று அது முடிவு செய்துவிடும். முதல் சில நாள் உள்ளே போய், நின்று, மென்று, நீங்கள் கேட்டதும் நிதானமாக இறங்கட்டும். நிற்கும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம்.

பிறகு உதவிக்கு இன்னொருவர் வேண்டும், அமைதியானவராக. குதிரையின் பின்புறத்துக்குக் குறுக்கே போடும் பின்கம்பியை அவர் தொட்டு ஒலி எழுப்பட்டும், போடாமல் விடட்டும். அடுத்து குதிரையின் பின்புறத்தில் கம்பியை லேசாகப் படவைத்து எடுக்கட்டும். கம்பி பட்டதும் மிரண்டு பின்னால் தள்ளும் குதிரைக்கு, முன்பே லாயத்தில் ஒரு கயிற்றையோ துணியையோ தொடைக்குப் பின்னால் படவைத்துப் பழக்கியிருந்தால் வேலை சுலபம். அதன்பின் கம்பியைப் பூட்டி உடனே திறப்பது, பூட்டி ஒரு நிமிடம் வைத்துத் திறப்பது. சரிவுப் பலகையைத் தூக்குவதும் இப்படித்தான்: கால்வாசி தூக்கி இறக்கி, பாதி தூக்கி இறக்கி, கடைசியில் முழுதாக.

பலகையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அதற்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளேயிருந்து குதிரை உதைத்தாலோ தள்ளினாலோ அந்தப் பலகை முழு எடையோடு கீழே வரும்.

வரிசை ஒன்று உண்டு, அதை மாற்றவே கூடாது. ஏற்றும்போது முதலில் பின்கம்பி, பிறகு பலகை அல்லது கதவு, கடைசியில்தான் தலைக்கயிற்றைக் கட்டுவது. இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழ்ப்பது, பிறகுதான் பின்பக்கம் திறப்பது. பின்பக்கம் திறந்திருக்கத் தலை கட்டப்பட்ட குதிரை பின்னால் வரப் பார்க்கும், தலை இழுபடும், பீதியில் எகிறும். கூரையில் மண்டை மோதும், கழுத்து முறியும், ஆள் சாவதும் நடக்கும். கட்டும் முடிச்சு இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். கயிற்றை, பதற்றத்தில் எளிதில் அறுந்துபோகும் சிறு சணல் வளையத்தில் கட்டுவது நல்லது.

ஆறாவது படி: வண்டி நகர்வது

முதல் நாள் என்ஜினை மட்டும் போடுங்கள். குதிரை உள்ளே நிற்க, சத்தமும் அதிர்வும் வரட்டும், அணையட்டும், இறங்கட்டும். அடுத்த நாள் கொஞ்ச தூரம் நகர்ந்து நிற்பது. பிறகு 10 நிமிடப் பயணம், திரும்ப வீட்டுக்கே. முதல் சில பயணங்களின் முடிவு மருத்துவரிடமோ பந்தயத்திலோ இருக்க வேண்டாம்.

ஓட்டுபவருக்கு என் வேண்டுகோள்: உள்ளே நிற்கும் குதிரைக்குப் பிடித்துக்கொள்ள கை இல்லை. வேகம் எடுப்பது, பிரேக் போடுவது, வளைவது எல்லாம் காரில் தனியாகப் போகும்போது செய்வதைவிடப் பல மடங்கு மெதுவாக இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, டிரெய்லரின் கடைசிச் சக்கரம் வளைவைத் தாண்டிய பிறகே கூட்டுங்கள். இரண்டு குதிரை நிற்கும் வண்டியில் ஒரே குதிரை போனால், அதைச் சாலையின் நடுப்பக்கம் இருக்கும் அறையில் ஏற்றுங்கள். சாலையின் ஓரச் சரிவு வண்டியை இழுப்பதை அது சமன்செய்யும்.

வளைவில் சுவரில் கால் வைத்துத் தடதடவென்று போராடும் குதிரைக்குப் பெரும்பாலும் கால் அகட்டி நிற்க இடம் போதவில்லை. தரைவரை இறங்கும் கெட்டித் தடுப்புக்குப் பதில், கீழே திறந்திருக்கும் தடுப்பு இருந்தாலோ, தடுப்பையே எடுத்துவிட்டாலோ பல குதிரைகள் அமைதியாகிவிடும்.

சிக்கல் வந்தால்

பலகையின் பக்கவாட்டில் குதித்து இறங்கும் குதிரைக்கு, இருபுறமும் வைக்கோல் கட்டுகளையோ வேலித் தட்டிகளையோ வைத்துச் சந்து அமைக்கலாம். அல்லது ஒரு பக்கம் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தலாம். அப்படியும் குதித்தால் முதல் படியில் நேராகப் பின்வாங்கும் பாடம் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்.

முன்னங்காலைத் தூக்கி எழும்பும் குதிரையிடம் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்காதீர்கள். இழுத்தால் அது மல்லாந்து விழ வாய்ப்பு அதிகம். கயிற்றை விட்டுக்கொடுத்து, பக்கவாட்டில் ஒதுங்குங்கள். அது இறங்கியதும் எந்தக் கோபமும் இல்லாமல் அமைதியாக நிற்கக்கூடிய தூரத்துக்குக் கூட்டிப் போங்கள். எழும்பியது, நீங்கள் கேட்டது அதிகம் என்ற செய்தி.

உள்ளே போய் உடனே பின்னால் பாயும் குதிரையை முன்னால் இழுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். கயிற்றை நீளமாக விட்டு வரவிடுங்கள். பிறகு அது பாய்ந்த நிலைக்கு இரண்டு அடி முன்பிருந்து மறுபடி வைத்தல், எடுத்தல். வெளியே வருவது சாதாரணம் ஆகும்போது, பாய வேண்டிய அவசியம் தானாகக் குறையும்.

இன்னொரு குதிரையை முன்னால் ஏற்றிக் காட்டுவது உதவும், சந்தேகமில்லை. ஆனால் துணை இருந்தால் மட்டுமே ஏறும் குதிரை, துணை இல்லாத நாளில் உங்களைத் தவிக்கவிடும். பழக்கத்தின் நடுவில் ஒன்றிரண்டு முறை பயன்படுத்தி, அப்புறம் தனியாகவே செய்ய வையுங்கள்.

கண்ணைக் கட்டி ஏற்றுவது, பின்னால் கயிறு போட்டுப் பலர் இழுப்பது, துடைப்பத்தால் குத்துவது, மூக்கின்மேல் சங்கிலி போட்டு வெட்டி இழுப்பது ஆகியவற்றை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒருமுறை வேலை நடந்துவிடலாம். ஆனால் குதிரை டிரெய்லரை வலியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

பழக்க நேரமே இல்லாத அவசரம்

வயிற்றுவலியில் புரளும் குதிரையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. மருத்துவரைக் கூப்பிட்டு, மயக்கமருந்து தேவையா என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருந்து தலைக்கேறிய குதிரை ஓடும் வண்டியில் நிலைதடுமாறும். ஏற்கெனவே பீதியில் இருக்கும் குதிரைக்கு மருந்து சரியாக வேலை செய்யாமலும் போகும். அகலமான வண்டி, பழகிய துணைக் குதிரை, இருபுறமும் தட்டிச் சந்து, ஒரே ஒருவர் மட்டும் பேசுவது என்ற ஏற்பாட்டில் பல குதிரைகள் ஏறிவிடும். அந்த நாள் முடிந்து குதிரை தேறியதும், முதல் படியிலிருந்து நிதானமாக மறுபடி தொடங்குங்கள்.

நீண்ட பயணமும் பராமரிப்பும்

நீண்ட தூரம் போகும்போது தலையை உயர்த்தியே கட்டி வைக்காதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமியும் வெளியேறும். மணிக்கணக்கில் அது முடியாமல் போனால் நுரையீரல் தொற்று வரை கொண்டுபோய்விடும். கால் சிக்காத அளவுக்குக் கயிற்றை நீளமாக விடுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலையைத் தாழ்த்த விடுங்கள். காற்று வரும் வழிகள் திறந்திருக்கட்டும். நின்ற வண்டிக்குள் வெயில் நேரத்தில் சூடு மளமளவென்று ஏறும். போய்ச் சேர்ந்த பிறகு ஓரிரு நாள் உடல்வெப்பத்தைப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினால், அல்லது தீனி எடுக்காமல் இருந்தாலோ இருமினாலோ, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பயணமே இல்லாத மாதங்களிலும் டிரெய்லரை மாட்டி, ஏற்றி, வைக்கோல் கொடுத்து, எங்கும் போகாமல் இறக்குங்கள். வேறு வண்டி, வேறு இடம், இரவு நேரம், மழை என்று சூழல் மாறினால், ஏறத் தெரிந்த குதிரையிடமும் ஒரு கால் வைத்து எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். பழகிய குதிரை சில நிமிடத்தில் எல்லாப் படியையும் தாண்டி உள்ளே போய் நிற்கும். ஏதோ ஒரு படியில் தயங்கினால் அன்றைய வேலை அந்தப் படிதான். கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.